கல்லும் கேள்வியும்: விரிசலைத் தாண்டும் அதிர்வு

சென்ற இதழில் பாறை விரிசல்களைப் பற்றி எழுதிய சிறு குறிப்புக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மிகவும் மகிழ்ச்சி. முப்பது வருடம் சுத்தியலும் ஜியோபோனும் தூக்கிக்கொண்டு அணைக்கட்டு அடித்தளங்களிலும் சுரங்கப்பாதைகளிலும் வேலை பார்த்தவன் நான். ஜியோபோன் என்பது தரையில் குத்தி வைக்கிற சின்ன அதிர்வுமானி. வேலை நடக்கும் ஊர்களில் அதை ‘மைக்’ என்றே சொல்வார்கள். அந்த மைக்கில் கேட்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மண்பானை வாங்கும்போது அம்மா விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்கு எப்படித் தெரிகிறது? (எட்டாம் வகுப்பு மாணவி, மானாமதுரை)

கடம் செய்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம். நல்ல பானையைத் தட்டினால் அதிர்வு பானை முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும். பானை மொத்தமும் சேர்ந்து அதிர்வதால் ‘டங்’ என்று கொஞ்ச நேரம் நிற்கும். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் அலையின் ஒரு பகுதி தடுத்துத் திருப்பப்படும். விரிசலின் இரண்டு முகங்களும் உரசிக்கொள்வதில் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். ‘டப்’ என்று அடங்கிவிடும். சிலைக்குக் கல் எடுக்கிற சிற்பிகளும் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். மணிபோல ஒலிக்கிற கல்லில் உளி வைப்பார்கள், மந்தமான கல்லை ஒதுக்கிவிடுவார்கள். உன் அம்மா பானையில் செய்வதை நான் மலையில் செய்தேன், அவ்வளவுதான்.

கேள்வி: சார், விரிசல் நிறைந்த பாறையில் அதிர்வலை எப்படிப் பரவுகிறது என்பதைக் கணினியில் மாதிரியாக்குவதுதான் என் முதுகலைத் திட்டப்பணி. ஒரு மலைச்சரிவில் ஆயிரக்கணக்கான விரிசல்கள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அகலம். அத்தனையையும் எப்படிக் கட்டத்துக்குள் வரைவது? (மாணவர், திருச்சி)

வரைய வேண்டாம், தம்பி. வரையவும் முடியாது. கணினி பாறையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் விரிசலைக் காட்ட வேண்டுமென்றால் ஒரு கட்டம் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் வெட்டுமுகம் ஒன்றுக்கே ஒரு லட்சம் கோடி கட்டங்கள். பாறையில் பி அலை (போகும் திசையிலேயே பாறையை அமுக்கி விரிக்கிற அலை) நொடிக்கு 5,500 மீட்டர் ஓடுகிறது என்றால், ஒரு கட்டத்தைத் தாண்ட அதற்கு ஆகும் நேரம் நொடியில் ஐந்தரைக் கோடியில் ஒரு பங்கு. கணக்கு அதைவிடச் சின்ன அடியாக எடுத்துவைத்துத்தான் முன்னேற வேண்டும். உங்கள் கல்லூரிக் கணினியில் இது நடக்காது.

அதனால் முதலில் விரிசலைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும். இரண்டு முகங்களும் முழுக்கப் பிரிந்து நிற்பதில்லை. பொரித்த அப்பளம் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் கொப்புளங்கள் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்குமே, அப்படித்தான் அங்கங்கே தொட்டுக்கொண்டிருக்கும். மீதி இடத்தில் காற்று, தண்ணீர், களிமண், சில இடங்களில் வெள்ளையாகப் படிந்த கால்சைட். மேலிருந்து அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும், விட்டால் திரும்பும். அதாவது விரிசல் ஒரு ஸ்பிரிங்.

இதைத்தான் 1980இல் மைக்கேல் ஷோன்பெர்க் சமன்பாடாக எழுதினார். விரிசலின் இந்தப் பக்கத்துத் தகைவும் (ஒரு சதுர மீட்டரில் விழுகிற விசை) அந்தப் பக்கத்துத் தகைவும் ஒன்றே. ஆனால் இடப்பெயர்ச்சி, அதாவது பாறை நகர்ந்த தூரம், ஒன்றல்ல. இரண்டு முகங்களுக்கும் இடையே ஒரு தாவல் இருக்கும். அந்தத் தாவல் தகைவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விகிதத்தைத் தீர்மானிப்பது விரிசலின் விறைப்பு. செங்குத்தாக அழுத்தும்போது ஒரு விறைப்பு, பக்கவாட்டில் நழுவும்போது இன்னொன்று. அரை மில்லிமீட்டர் அகலம், அதன் மேடுபள்ளம், உள்ளே இருக்கிற களிமண் எல்லாமே இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிட்டன. உங்கள் மாதிரியில் விரிசல் இனி அகலமே இல்லாத ஒரு கோடு. 1990இல் லாரா பைராக்-நோல்டே, லேரி மையர், நெவில் குக் மூவரும் இயற்கையான விரிசல் உள்ள கல் உருளைகளில் அலையை அனுப்பி அளந்தபோது இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தியது.

இனி எண்களைப் போடலாம். அதிர்வெண்ணை 6.28ஆல் பெருக்குங்கள். பாறையின் அடர்த்தி, வேகம் இரண்டாலும் பெருக்குங்கள். விறைப்பின் இரு மடங்கால் வகுங்கள். வரும் எண்ணின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, ஒன்றை அதால் வகுத்தால், விரிசலை நேராகத் தாண்டிப் போகும் அலையின் வீச்சு எத்தனை பங்கு என்று கிடைக்கும். கிரானைட்டுக்கு அடர்த்தி கன மீட்டருக்கு 2,700 கிலோ, வேகம் 5,500 என்று வைத்துக்கொள்வோம். விரிசலின் விறைப்பு மீட்டருக்கு 10 கிகாபாஸ்கல். 50 ஹெர்ட்ஸ் அலையில் 97 சதவீதம் தாண்டிவிடுகிறது. 212 ஹெர்ட்ஸில் 71 சதவீதம். 1,000 ஹெர்ட்ஸில் வெறும் 21. ஒரே விரிசல், ஒரே பாறை, ஆனால் அடித்தொண்டைக் குரலுக்குக் கதவு திறந்திருக்கிறது, கீச்சுக்குரலுக்குச் சாத்தியிருக்கிறது. இப்படிப் பத்து விரிசல் வரிசையாக இருந்தால் 50 ஹெர்ட்ஸில் முக்கால் பங்கு இன்னும் மிச்சம். 1,000 ஹெர்ட்ஸில் கோடியில் ஒன்றிரண்டு பங்குதான். (விரிசல்களுக்கு நடுவே அலை போய்ப்போய் வருவதை இந்தப் பெருக்கல் விட்டுவிடுகிறது. விரிசல்கள் நெருக்கமாக இருந்தால் உண்மையில் இதைவிடக் கூடுதலாகவே போகும். திட்டப்பணியில் அதைக் கட்டாயம் சேருங்கள்.)

இன்னொன்று. அலைநீளம் விரிசல் இடைவெளியைவிட மிக நீளமாக இருந்தால் விரிசல்களைத் தனித்தனிக் கோடாகக்கூட வைக்க வேண்டாம். பாறை மொத்தமும் கொஞ்சம் இளகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன அதே விரிசல்கள் 10 மீட்டருக்கு ஒன்று என்று இருந்தால், குறுக்கே போகிற பி அலையின் வேகம் 5,500இலிருந்து ஏறத்தாழ 4,080க்கு இறங்கும். 2 மீட்டருக்கு ஒன்று என்றால் 2,440. அரை மில்லிமீட்டர் விரிசல், இரண்டு மீட்டர் பாறையில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அது வேகத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடுகிறது. விரிசலுக்கு இணையாகப் போகிற அலைக்கோ வேகம் அவ்வளவாகக் குறையாது. இப்படித் திசைக்குத் திசை வேகம் மாறுவதால்தான் எஸ் அலை (பாறையைப் பக்கவாட்டில் அசைக்கிற அலை) இரண்டாகப் பிரிகிறது: விரிசலுக்கு இணையாக அதிர்வது முந்தி வரும், குறுக்கே அதிர்வது பிந்தி வரும்.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இமயமலைப் பகுதியில் ஒரு நீர்மின் திட்டச் சுரங்கப்பாதை. துளையிட்டு எடுத்த கோர்களை, அதாவது உருளையான கல் துண்டுகளை, மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். பெட்டி முழுக்க விரல் நீளச் சில்லுகள். முழங்கை நீளத்துக்கு உடையாமல் வந்தவை நாலைந்துதான். லேபில் அளக்க முழுத் துண்டு வேண்டும் என்பதால் அந்த நாலைந்தையும் அனுப்பினோம். வேகம் 5,600 என்று முடிவு வந்தது. அந்த எண்ணை என் மாதிரியில் போட்டு, முன்னால் நல்ல பாறை என்று எழுதிக் கொடுத்தேன். அப்புறம் தரையிலேயே அளந்தபோது 3,000ஐத் தொடவில்லை. லேபுக்குப் போனது விரிசல் இல்லாத கல். சுரங்கம் வெட்ட வேண்டியிருந்ததோ விரிசலின் ஊடாக. யாருக்கும் காயம் இல்லை. ஆனால் எஃகு வளைவுகளை நெருக்கி வைத்து அந்த இடத்தைத் தாண்ட வாரக்கணக்கில் ஆனது. அங்கே முன்வரிசையில் நின்று வேலை செய்தவர்களின் முகம் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து தரை வேகத்தை லேப் வேகத்தால் வகுத்து வர்க்கம் எடுக்காமல் நான் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தச் சுரங்கத்தில் அது 0.3ஐக்கூடத் தொடவில்லை. 0.4க்குக் கீழே வந்தாலே மோசமான பாறை என்று கணக்கு.

உங்கள் நிரலைப் பற்றி: முதலில் ஒரே பரிமாணத்தில், ஒரே ஒரு விரிசலோடு எழுதுங்கள். மேலே கொடுத்த 97, 71, 21 உங்கள் நிரலில் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு 1986இல் ஜான் விரியூ கொடுத்த, வேகத்தையும் தகைவையும் அரைக் கட்டம் தள்ளி வைக்கிற முறைக்குப் போங்கள். அதற்குள் விரிசலை எப்படி நுழைப்பது என்பதை 1995இல் கோட்ஸும் ஷோன்பெர்க்கும் காட்டியிருக்கிறார்கள். பாறைக் கட்டிகள் கழன்று நகரும் அளவுக்கு அதிர்வு பெரியதென்றால் பீட்டர் கண்டால் 1971இல் தொடங்கிவைத்த தனிக்கட்டி முறைதான் வழி. வெடிக்கு மிக அருகில் விறைப்பு ஒரே எண்ணாக இருக்காது, அழுத்த அழுத்த ஏறும். அதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: ஐயா, தருமபுரி பக்கம் எங்கள் தோட்டத்தில் மூன்று போர் போட்டும் தண்ணீர் இல்லை. கடைசியாகப் போட்டது 900 அடி. சுத்தியலால் தரையில் அடித்துக் கம்ப்யூட்டரில் பார்த்தால் ஊற்று தெரியும் என்கிறார் ஒருவர். நம்பலாமா? (விவசாயி, பென்னாகரம்)

மூன்று போருக்கு எவ்வளவு கடன் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நேராகவே சொல்கிறேன். ஊற்று தெரியாது. எட்டு கிலோ சுத்தியல் அடி நம்பும்படியாக எட்டுவது இருபது, முப்பது மீட்டர் ஆழம்வரைதான். 900 அடியில் என்ன இருக்கிறது என்று அதைவைத்துச் சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் முறையாகச் செய்தால் பயன் உண்டு. உங்கள் பக்கத்துப் பாறைக்குள் தண்ணீர் ஊறி நிற்காது. மேலே மக்கிய பாறையிலும் கீழே விரிசல்களிலும்தான் தண்ணீர். மக்கிய பாறை எங்கே ஆழமாக இறங்குகிறது, வேகம் குறைந்த விரிசல் பட்டை தோட்டத்தில் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதை இந்த அளவீடு காட்டும். அந்த விரிசலில் இருப்பது காற்றா தண்ணீரா என்று ஓரளவு ஊகிக்கவும் வழி இருக்கிறது. தண்ணீர் அமுங்காது, அதனால் விரிசலில் தண்ணீர் நிறைந்தால் பி அலையின் வேகம் மீண்டும் ஏறிவிடும். எஸ் அலை பக்கவாட்டு அசைவு. தண்ணீர் அதைத் தாங்காது, அதனால் எஸ் அலை ஏறாது. இரண்டையும் அளந்தால், பி ஏறி எஸ் ஏறாத இடத்தைப் பார்க்கலாம். எஸ் அலை எடுக்கிற விதம் எளிது. கனமான மரப்பலகை ஒன்றைத் தரையில் வைத்து, அதன் மேல் ஜீப் சக்கரத்தை ஏற்றி நிறுத்தி, பலகையின் முனையில் பக்கவாட்டில் அடிப்பார்கள். அளக்க வருகிறவர் பலகை கொண்டுவருகிறாரா என்று கேளுங்கள். தரைக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கிற மின்தடை அளவீட்டையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

நாலாவது போரை ஆழமாகப் போட நினைக்காதீர்கள். ஆழம் போகப் போக மேல் பாரம் விரிசல்களை இறுக்கி மூடும். அந்த மூன்று போரிலும் எத்தனையாவது அடியில் ஈரத் தூள் வந்தது என்று யாராவது குறித்து வைத்திருந்தால், அந்தத் தாள் எந்தக் கம்ப்யூட்டர் படத்துக்கும் குறைந்ததில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் அதையே கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து 400 மீட்டரில் கல்குவாரி. நடுவில் இருப்பது விரிசல் விட்ட பாறை, அது அதிர்வைத் தடுத்துவிடும் என்று சமாதானம் சொல்கிறார்கள். சரியா? (கரூர்)

பாதி சரி. விரிசல்கள் தடுப்பது உயர் அதிர்வெண்ணை. தாழ்ந்த அதிர்வெண் தாண்டி வந்துவிடும், வீடுகளை அதிகம் ஆட்டுவதும் அதுதான். சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரம்பும் இதனால்தான் அதிர்வெண்ணைப் பொறுத்து மாறுகிறது. சாதாரண வீடுகளுக்கு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. வெடி வைக்கும் நாளில் உங்கள் வீட்டு வாசலில் கருவி வைத்து அளக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அதிர்வெண்ணும் சேர்ந்த பதிவு வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். ‘ஏர்பிளாஸ்ட்’ நடந்தால் எங்கள் லைனில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) பாத்திரமெல்லாம் உருளும், அடுத்த லைனில் ஒன்றுமே தெரிந்திருக்காது என்பார் பாட்டி. அப்படி நடக்குமா? (வாசகர், பெங்களூரு)

நடக்கும். பாட்டி சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். அங்கே ஏர்பிளாஸ்ட் என்றது, ஆழத்தில் பாறை தாங்க முடியாமல் திடீரென்று வெடித்துச் சிதறுவதை. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சுரங்கம். அந்த ஆழத்தில் பாறை எவ்வளவு அழுத்தத்தில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கிருந்து கிளம்பும் அலை மேலே வரும் வழி எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லை. நூறு வருடத்துக்கு மேல் தோண்டியதால் உள்ளே எத்தனையோ வெற்றுக் குகைகள். வெற்றிடத்தில் முட்டிய அலை அப்படியே திரும்பிவிடும், அல்லது ஓரமாகச் சுற்றி வரும். பிளவுப் பட்டைகளில் பட்டால் உயர் அதிர்வெண் போய்விடும். ஒரு குகையின் நிழலில் உங்கள் பாட்டியின் அடுத்த லைன் இருந்திருக்கலாம். வீட்டுக்குக் கீழே மண் எவ்வளவு ஆழம் என்பதும் சேர்ந்துகொள்ளும். ஆழமான இளகிய மண் அதிர்வைப் பெரிதாக்கும்.

வெடித்த இடம் எது என்று கண்டுபிடிப்பதிலும் இதே சிக்கல் உண்டு. பல இடங்களில் வைத்த ஜியோபோன்களுக்கு அலை வந்து சேர்ந்த நேரத்தைவைத்துத்தான் இடத்தைக் கணக்கிடுவார்கள். பாறை முழுக்க ஒரே வேகம் என்று எடுத்துக்கொண்டால், குகையைச் சுற்றி வந்த அலை 5 மில்லிநொடி தாமதித்தாலே தூரக் கணக்கு 27 மீட்டர் தவறிப்போகும். மீட்கப் போகிறவர்களுக்கு 27 மீட்டர் என்பது வேறொரு சுரங்க அறை. அதனால்தான் சுரங்க வரைபடத்தையும் விரிசல்களையும் மாதிரிக்குள் கொண்டுவர இத்தனை பாடு. 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் தங்கவயலிலேயே அமைந்ததற்கு அந்த ஊர்ப் பாறைதான் பின்னணி. சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டுவிட்டன. பாட்டியிடம் உங்கள் லைன் எது, அடுத்த லைன் எது, எந்த ஷாஃப்ட்டுக்கு (சுரங்கத்துக்குள் இறங்கும் குழிக்கு) பக்கம் என்று கேட்டு எழுதிவையுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

கேள்வி: 1969இல் நிலாவில் எதையோ மோதவிட்டபோது அது மணிபோல அதிர்ந்ததாம், அதனால் நிலா உள்ளே வெற்று என்று என் மாணவர்கள் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (ஆசிரியை, பட்டுக்கோட்டை)

மோதவிட்டது உண்மை. அப்பல்லோ 12 வீரர்கள் நிலாவிலிருந்து மேலேறி வந்த கலத்தை 1969 நவம்பர் 20 அன்று வேண்டுமென்றே தரையில் விழச்செய்தார்கள். அவர்கள் வைத்துவிட்டு வந்த அதிர்வுமானி ஏறத்தாழ ஒரு மணி நேரம் அதிர்வைப் பதிவுசெய்தது. பூமியில் அந்த அளவு மோதல் சில நிமிடங்களில் அடங்கியிருக்கும்.

காரணம் வெற்றிடம் இல்லை, விரிசல். கோடிக்கணக்கான வருடம் விண்கல் மோதி மோதி நிலாவின் மேல்பாறை நொறுங்கிக் கிடக்கிறது. நுழைந்த அலை ஒவ்வொரு விரிசலிலும் சிதறி, திசை தெரியாமல் திரும்பத் திரும்ப அலைகிறது. இந்த நிலையில் ஒவ்வொரு விரிசலுக்கும் ஸ்பிரிங் வைத்துக் கணக்குப் போட முடியாது. அதனால் அலைச் சமன்பாட்டையே விட்டுவிட்டு, தோசைக்கல்லில் வெப்பம் மெல்லப் பரவுவதற்கு எழுதுகிற சமன்பாட்டைப் போட்டார்கள். பதிவு மெதுவாக ஏறி, அதைவிட மெதுவாக இறங்கும் வடிவம் அதில் நன்றாகவே வந்தது.

சிதறினாலும் ஏன் அடங்கவில்லை என்று ஒரு கெட்டிக்கார மாணவர் கேட்பார். நிலாவில் ஈரம் இல்லை. பூமியின் விரிசல்களில் இருக்கும் துளி ஈரம் அதிர்வை விழுங்கிவிடும். நிலவுக் கல்லை வெற்றிடத்தில் வைத்து ஈரப்பசையை முழுக்க நீக்கினால் அதிர்வு பல மடங்கு நேரம் நீடிக்கிறது என்று 1970களில் ஆய்வகத்தில் அளந்து காட்டினார்கள். வெற்று என்பதற்கு நேரடியான பதிலும் இருக்கிறது. நிலாவின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் 3.34 மடங்கு, கிரானைட்டைவிட அதிகம். உள்ளே வெற்றாக இருந்தால் இந்த எண் வராது. 2023 ஆகஸ்டில் சந்திரயான் 3 கொண்டுபோய் வைத்த இல்சா என்ற அதிர்வுமானியும் பிரக்யான் ஊர்தி நகர்ந்த அதிர்வைப் பதிவுசெய்தது. அந்தப் பதிவின் படத்தை வகுப்பில் காட்டுங்கள்.